உம்மாவின் நாற்காலியும் கப்பல் கதவும்



இதைப் படிக்க உட்காருமுன் ஒரு சின்ன வேலை செய்வீர்களா? உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால், தையல் பெட்டியிலிருக்கும் அளவு நாடாவை எடுத்து அந்த நாற்காலியின் அகலத்தை அளந்து பாருங்கள். இருக்கையின் அகலத்தை அல்ல. கையால் உருட்டுவதற்காகச் சக்கரத்தின் வெளியே ஒரு வளையம் இருக்கிறதே, அந்த வளையத்தின் விளிம்பிலிருந்து மறுபக்க வளையத்தின் விளிம்புவரை அளக்க வேண்டும். என் உம்மாவின் நாற்காலி 25 அங்குலம். இந்த ஒரு இலக்கத்தை அறிந்துகொள்ள எனக்கு ஒரு சீட்டுப் பணம் முழுவதும் செலவானது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக்காரர்கள். பழைய வீட்டின் மேல்மாடியில் ஏறி நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். பெரிய பயணிகள் கப்பல் வந்தால் வெள்ளை மாளிகை ஒன்று நகர்ந்து வந்து நின்றதுபோல் இருக்கும். டிசம்பர் 31 நள்ளிரவில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களெல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் எங்களை எழுப்பிக் கேட்க வைப்பார் உம்மா. அவருக்குக் கப்பல் என்றால் அப்படியொரு ஆசை. அவருடைய வாப்பா ஐம்பதுகளில் ஹஜ்ஜுக்குப் போனவர். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் படகு, பிறகு பம்பாய்வரை ரயில், பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். அந்தப் பயணத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த உம்மா, எழுபது வயதை நெருங்கும்வரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

2014இல் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். இடது கையும் இடது காலும் மீளவில்லை. எங்கள் மேல்மாடியிலிருந்து தெருவுக்கு 17 படிகள். கிளினிக் நாளில் தெருப் பையன்கள் நாலு பேர் வந்து, உம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்குவார்கள். நல்ல பிள்ளைகள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ உம்மா கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். பயந்து விட்டாரோ என்று நினைத்தேன். இரவில் என் காதோடு சொன்னார்: "அன்னிய ஆம்பளைங்க கையில என்னத் தூக்க வாணாம் மகள்."

நம் வீடுகளில் எத்தனை உம்மாமார் இதனால் வாசல்படி தாண்டாமல் இருக்கிறார்கள் தெரியுமா? "அவங்களுக்கு வெளியே போக விருப்பமில்லை" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். விருப்பம் இல்லாமல் இல்லை. சாய்தளம் இல்லாத இடமெல்லாம் யாரோ ஒருவர் தூக்க வேண்டிய இடம். மற்றவர்களுக்கு அது வெறும் சிரமம். நம் பெண்களுக்கு அது வெட்கமும் மார்க்கமும் சேர்ந்த விடயம். மருமகன் மஹ்ரம்தானே, அவர் தூக்கலாமே என்றால், உம்மாவுக்கு அது வேறொரு வெட்கம். நானாவோ கட்டாரில்.

அதனால் கொட்டாஞ்சேனையை விட்டோம். லிப்ட் இருக்கும் தொடர்மாடி தேடி வெள்ளவத்தைக்கு வந்தோம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகள் உங்களுக்குத் தெரியும். ஒழுங்கை முடிந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அஸருக்குப் பிறகு உம்மாவை மரைன் டிரைவ்வரை தள்ளிக்கொண்டு போவேன். தொலைவில் துறைமுகத்தை நோக்கிக் கப்பல்கள் போகும். "ஒரு முற அதுல ஏறிப் பாக்கணும்" என்று உம்மா சொன்னது அங்கேதான்.

2018. சீட்டு விழுந்தது. கணவரும் நானும் ஒரு பயண முகவரிடம் போனோம். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வீல்செயார் வசதி இருக்குதா?" முகவர் கணினியைக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் இருக்கு மெடம், யோசிக்க வாணாம்." நானும் யோசிக்கவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை, சகோதரிகளே. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சீருடை அணிந்த ஒரு பெண் உம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரிசையைத் தாண்டிக் கப்பலுக்குள் கொண்டுபோனார். கெபின் வாசலில் விட்டுவிட்டுச் சலாம் போலத் தலையசைத்துப் போய்விட்டார். வீல்செயார் வசதி என்றால் அவ்வளவுதான்: வாசல்வரை தள்ளிவிடுவது. வாசலுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கெபின் கதவு 23 அங்குலம். நாற்காலி 25.

நடைபாதையில் நின்றபடி அந்தக் கதவை நான் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வரவேற்பு மேசைக்கு ஓடினேன். அகலக் கதவுள்ள கெபின்கள் கப்பலில் இருக்கின்றனவாம், எப்போதோ முடிந்துவிட்டனவாம். இரண்டு மாலுமிகளை அனுப்பினார்கள். பணிவான இளைஞர்கள். உம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசியில் நானும் கணவரும் கெபினிலிருந்த கதிரையை வாசலுக்குக் கொண்டுவந்து, உம்மாவை அதற்கு மாற்றி, அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தோம். உள்ளே குளியலறை வாசலில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு படி. அதன் கதவோ இன்னும் ஒடுக்கம். வுழூ எடுக்க வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மற்றதை நான் எழுதவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் புரியும்.

மூன்று இரவும் உம்மா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. மேலே பத்துத் தட்டுகளில் என்னென்னவோ இருந்தன. உம்மா ஜன்னலருகே இருந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். நான் அழுதபோது, "வெள்ளவத்தையிலயும் இதே கடல்தான மகள், அழ வாணாம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் இதைவிடப் பெரிய அடி எனக்கு வேறில்லை.

திரும்பி வந்ததும் முகவரோடு சண்டை போட்டு என்ன பயன்? தவறு பாதி என்னுடையது. நான் இலக்கத்தைக் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு கப்பல் கம்பனியின் விபரத்தாளையும் படிக்கத் தொடங்கினேன். கொவிட் வந்து கப்பல்களெல்லாம் நின்றன. 2022இல் நாட்டில் டொலரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. எனக்குப் படிக்க நிறையக் காலம் கிடைத்தது. படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரிய பயணிகள் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேல் கெபின்கள் இருந்தாலும், சக்கர நாற்காலிக்கென்று கட்டப்பட்டவை சில டஜன்தான். அவற்றின் கதவு வழக்கமாக 32 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். உள்ளே நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்புவதற்கு 5 அடி வெற்றிடம் விடுவார்கள். குளியலறைக்குப் படி கிடையாது. நாற்காலியோடே உள்ளே போகலாம். சுவரில் மடக்கிவைத்த இருக்கை, பிடிகம்பிகள், கைக்கு எட்டும் உயரத்தில் நீளக் குழாயுடன் ஷவர். நமக்கு இந்தக் கடைசிப் பொருள் மிக முக்கியம்; கழுவுவதற்கும் வுழூவுக்கும் அதுதான் உதவும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இப்படிப்பட்ட கெபின்கள் எல்லாம் ஒரே வகையல்ல. சில கம்பனிகள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. முதல் வகை முழு வசதி. இரண்டாவது, கட்டிலுக்கும் கொமட்டுக்கும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போகக்கூடியது. மூன்றாவது, ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கு. பிடிகம்பிகள் இருக்கும், நாற்காலி உள்ளே திரும்ப இடமிருக்காது. மூன்றுக்கும் சக்கர நாற்காலிப் படத்தையே போட்டு விற்கும் முகவர்களும் உண்டு. என் உம்மாவுக்கு இடது பக்கம் இயங்காது. வலது கையை ஊன்றித்தான் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவார். ஆகவே இரண்டாவது வகை கிடைத்தால் "எந்தப் பக்கம்?" என்று கேட்டாக வேண்டும். இடதா வலதா என்பது அவருக்கு உதவியோடா, உதவியின்றியா என்ற கேள்வி.

இன்னொன்று, மலிவான சீட்டு. "கெபின் எதுவென்று பிறகு நாங்களே தருவோம்" என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். கேரண்டி கட்டணம் என்று பெயர். அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். பணம் கட்டுமுன் கெபின் இலக்கத்தையும் அதன் கதவு அளவையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் செல்லாது. முகவருக்குத் தெரியாவிட்டால், கம்பனியின் விசேட தேவைப் பிரிவுக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கம்பனிகள் எல்லாவற்றிலும் அப்படியொரு பிரிவு இருக்கிறது. அவர்கள் ஒரு படிவம் அனுப்புவார்கள். நாற்காலியின் அகலம், எடை, மடிக்கலாமா, பற்றரியில் ஓடுவதா என்றெல்லாம் கேட்டிருக்கும். அதை நிரப்பி அனுப்பாவிட்டால் அந்தக் கெபினை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும். கட்டணம் அதே தரத்துச் சாதாரணக் கெபினின் கட்டணம்தான். கூடுதலாகக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

எட்டு மாதம், பத்து மாதம் முன்னதாகவே பதிவு செய்வது நல்லது. கடைசியில் மிஞ்சும் அகலக் கெபின்களை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். அறை பெரிதாக இருக்கிறதே என்று, நடக்கக்கூடியவர்களே எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்படி யாராவது செய்தால் நீங்கள் அவர்களோடு சேராதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் உறவினர் பலர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து நோர்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் போன சிலர், தங்களுக்கு வேறுபாடு காட்டப்பட்டது என்று வழக்குப் போட்டார்கள். கப்பல் பறக்கவிட்டதோ பஹாமாஸ் கொடி. வெளிநாட்டுக் கொடி பறந்தாலும் அமெரிக்கக் கடலில் ஓடும்போது மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்பெக்டர் வழக்கு என்று அதற்குப் பெயர். 2010இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதிகளும் கொண்டுவந்தது: அந்தத் தரத்திலுள்ள மற்றக் கெபின்கள் தீரும்வரை அகலக் கெபின்களை மாற்றுத் திறனாளிகளுக்கென்று வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குவிதி 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. துறைமுகத்தில் உதவி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். ஆனால் கெபின் பற்றிய தேவையைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும் என்கிறது அது.

சிங்கப்பூரில் ஏறும் நமக்கு அந்தச் சட்டங்கள் கைகொடுக்காது. கம்பனியின் சொந்த விதிதான் நமக்குச் சட்டம். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கானது. பொது இடங்களுக்குள் போய்வரும் வசதிகள் பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அஜித் பெரேரா என்ற மனிதரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து கால்கள் செயலிழந்தன. அவரே உயர் நீதிமன்றத்தில் நின்று வாதாடி, புதிய பொதுக் கட்டடங்கள் சக்கர நாற்காலிக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் ஆணை பெற்றார். 2020இல் காலமானார். அவரையறியாமலே நாங்கள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்: வெள்ளவத்தையில் புதிதாகக் கட்டப்பட்ட சில கடைகளின் முன் சாய்தளம் இருக்கிறது. அதில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருப்பார்கள், அது வேறு கதை.

கப்பல் பயணத்துக்குமுன் நாற்காலியோடு ஊரில் நடந்து பழகிக்கொள்ளுங்கள் என்பேன். நாங்கள் ஒரு மாதம் அப்படிச் செய்தோம். காலி வீதி நடைபாதையில் எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே ஒரு சாண் உயரம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஒன்றரை அடிப் பலகை போட்டுவிட்டு "சாய்தளம் வைத்திருக்கிறோம்" என்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்ற ஒரு பயில்வான் வேண்டும். காலிமுகத்திடல் மட்டும் உம்மாவுக்குப் பெருநாள் மாதிரி. இஸ்ஸோ வடையும் கடற்காற்றும். யார் தயவும் தேவையில்லை.

கொழும்புத் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்து, 1885இல் வேலை முடிந்தது. அதற்குமுன் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிடும். ஆட்கள் படகில் இறங்கிக் கரைக்கு வரவேண்டும். அதற்குப் பின்னும் நெடுங்காலம் துறைமுகத்தின் நடுவே மிதவைகளில் கட்டப்பட்ட கப்பல்களிலிருந்து சிறு படகில்தான் பயணிகள் இறங்குதுறைக்கு வந்தார்கள். இன்று கப்பல் நேரே துறைமேடையை அணைகிறது. நம் கடலில் வற்றுப்பெருக்கும் குறைவு, ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே கப்பலுக்கும் கரைக்கும் போடும் பாலம் காலையில் ஒரு சரிவு, மாலையில் ஒரு சரிவு என்று பெரிதாக மாறாது. நாற்காலிக்காரர்களுக்கு இது நல்ல துறைமுகம். ஆனால் இங்கே வரும் கப்பல்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வந்து, பயணிகளுக்கு ஊரைக் காட்டிவிட்டுப் போய்விடுபவை. நாம் ஏறுவதற்குச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகத்தான் வேண்டும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கம்பனியின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தபோது, எங்கள் தொடர்மாடியில் பலர் "உம்மாவை அதில் கூட்டிப் போகலாமே" என்றார்கள். அது 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடிய கப்பல். பழைய கப்பல் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கப்பல் கட்டிய ஆண்டைக் கேளுங்கள். பின்னால் கட்டப்பட்டவற்றில் அகலக் கெபின்களைப் பொதுவாகக் கூடுதலாக வைக்கிறார்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, போகும் வழியில் எந்தெந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையை அணையும், எங்கே கடலில் நின்று படகில் இறக்குவார்கள் என்பது. படகு அலையில் ஏறி இறங்கும். நாற்காலியோடு போக வேண்டுமானால் தூக்கத்தான் வேண்டும், அல்லது விடமாட்டார்கள். மாலைதீவின் மாலேயில் படகுதான். புகெட்டிலும் பெரும்பாலும் படகுதான். பினாங்கில் கப்பல் கரையை அணையும். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலும் அப்படியே. நான் பினாங்கைத் தெரிவு செய்தது இதனால்தான். அழகைப் பார்த்தல்ல.

2024இல் மறுபடி போனோம். இந்த முறை நான் முகவரின் முன்னால் அளவு நாடாவை வைத்தேன். "25 அங்குல நாற்காலி. கெபின் கதவு எத்தனை, குளியலறைக் கதவு எத்தனை, படி உண்டா, கட்டிலுக்கு வலப்பக்கமிருந்து வரலாமா, எழுதித் தாங்க" என்றேன். அவர் முதலில் சிரித்தார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: 33, 33, இல்லை, ஆம். அந்த நாலு சொற்களை அச்செடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

விமானத்துக்கும் இப்படியொரு சொல் இருக்கிறது. சீட்டுப் போடும்போதே சொல்லுங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறக்கூடியவர். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆசனம்வரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் நடக்கவே முடியாதவர். ஆசனம்வரை ஒடுக்கமான நாற்காலி கொண்டுவருவார்கள். "வீல்செயார்" என்று மட்டும் சொன்னால் முதலாவதைப் போட்டுவிடுவார்கள். பெண் ஊழியர் வேண்டுமென்று கேட்கலாம். எப்போதும் கிடைக்காது, கேட்பதில் வெட்கமில்லை.

கெபின் கதவு திறந்தது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லித் தள்ளினேன். நாற்காலி உள்ளே போனது, இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் மிச்சம். உம்மா உடனே குளியலறைக்கு உருட்டச் சொன்னார். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். பத்து வருடமாக என் உம்மா குளியலறைக் கதவைத் தானே சாத்திக்கொண்டதில்லை, சகோதரிகளே. நான் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். "அவசரம் என்ன?" என்றார் உள்ளேயிருந்து.

கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் திரும்பும் அல்லவா? தொலைக்காட்சியில் கப்பல் எந்தத் திசையில் போகிறதென்று வரைபடம் காட்டும் அலைவரிசை ஒன்று இருந்தது. அதைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிவிடுவது என் கணவரின் வேலை. உணவுக்காகப் புறப்படுமுன்பே ஹலால் விபரம் கேட்டிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் போன்ற கப்பல் ஹலால்-உகந்தது என்ற சான்றிதழே பெற்றிருக்கிறது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

புறப்படும் நாளில் ஆபத்துப் பயிற்சி நடக்கும். டைட்டானிக் மூழ்கிய பின் 1914இல் முதன்முதலில் எழுதப்பட்ட சோலாஸ் என்ற கடற்பாதுகாப்பு உடன்படிக்கை இன்றும் திருத்தப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. உதவி தேவை என்று சொன்ன பயணிகளின் விபரம் கப்பல் புறப்படுமுன் தலைவனிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆபத்து நேரத்தில் லிப்டை நம்ப முடியாது. ஊழியர்கள்தான் தூக்கி இறக்க வேண்டும். இதைச் சொல்ல வந்த அதிகாரியிடம் நான் தயங்கித் தயங்கி உம்மாவின் நிலையை விளக்கப் போனேன். உம்மா இடைமறித்தார். "ஹயாத்து மௌத்து நேரத்துல தூக்கட்டும் மகள். சும்மா நேரத்துலதான் வாணாம்." மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்த அதிகாரி தொப்பியைத் தொட்டுச் சிரித்தார்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் கப்பல் அணைந்தது. பாலத்தில் உருட்டிக்கொண்டே கரைக்கு இறங்கினோம். அங்கிருந்து கபித்தான் கெலிங் பள்ளிவாசல் தூரமில்லை. நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் அந்த ஊரில் வேரூன்றியதன் அடையாளம் அது, 1801இல் தொடங்கியது. சூலியா வீதியில் நாகூர் தர்காவின் நினைவாகக் கட்டிய ஒரு தர்காவும் இருக்கிறது. கடை வரிசைகளின் முன்னால் ஐந்தடி நடை என்ற கூரைபோட்ட நடைபாதை நிழலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம், நடுவே மோட்டார் சைக்கிள்கள். வெள்ளவத்தைக்கே வந்துவிட்டோமோ என்றார் கணவர். தெருவோரமாகவே தள்ளிப் போனோம். வெயில் கொளுத்தியது. பள்ளிவாசல் மினாராவைப் பார்த்ததும் உம்மா நாற்காலியை நிறுத்தச் சொன்னார். "வாப்பா ஜித்தாவுக்கு. நான் பினாங்குக்கு" என்றார். பிறகு நாசி கந்தார் கடையில் மீன் தலைக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வைத்தியர் படித்துவிடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். மேல்தட்டுக்குப் போகும் ஒரு கதவு எங்கள் இரண்டு கையாலும் தள்ள முடியாத பாரம். லிப்டுக்காக எப்போதும் கூட்டம். கால் நன்றாக இருக்கும் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். கட்டில் உயரம் நான் கேட்க மறந்த ஒன்று. நாற்காலியைவிட நாலு அங்குலம் உயரம். ஒவ்வொரு இரவும் நான் உம்மாவின் இடுப்பைத் தாங்க வேண்டியிருந்தது. என் கேள்வித்தாளில் இப்போது அதுவும் சேர்ந்துவிட்டது.

உம்மா இப்போது மாலைதீவு கேட்கிறார். மாலேயில் கப்பல் கரைக்கு வராது, படகில் இறக்குவார்கள் என்று சொன்னேன். "படகுக்கும் கரைக்கும் நடுவுல எத்தன அங்குலம் எண்டு கேட்டு எழுது" என்றார். எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.